இடது இறக்கையில் நான் துடைத்த அழுக்கு

என் தங்கை மேரியைக் கல்யாணம் கட்டி, எனக்கும் சிநேகிதராக ஆகிப்போன மாப்பிள்ளை சூசைக்கு,

மச்சான் எழுதுகிறேன். நம்புங்கள், நானேதான் எழுதுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்த நாலு வரிக்கு ஒரு காலைப்பொழுது போய்விட்டது. ஆனாலும் எழுதியதைத் திரும்ப வாசித்துப் பார்க்கும்போது ஒரு சந்தோஷம் வருகிறது. அதை உங்களிடம்தான் வந்து சொல்லியிருப்பேன். இப்போது யாரிடம் போய்ச் சொல்வது?

குரும்பலூரில் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு நடக்கிறது. எல்லாரும் பெண்கள், ஆண் நான் ஒருவன்தான். முதல் நாள் உள்ளே நுழைந்தபோது ஒருத்தி கேட்டாள். "பெரியப்பா, செவுத்துக்குப் பெயிண்ட் அடிக்க வந்தீங்களா, படிக்க வந்தீங்களா?" நான் சொன்னேன், "மொதல்ல படிக்கிறேன். வரலைன்னா செவுத்த அடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்." எல்லாரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் வெட்கம் போய்விட்டது.

இப்போது வகுப்பு முடியப்போகிறது. ஆளுக்கொரு கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார் டீச்சர். எல்லாவற்றையும் சேர்த்துச் சின்னப் புத்தகமாகப் போடுவார்களாம். பாதிப் பேர் குழாய்த் தண்ணீருக்கும் பஸ்ஸுக்கும் மனு எழுதினார்கள். "செத்துப்போனவங்களுக்கு எழுதலாமா டீச்சர்?" என்று கேட்டேன். "எழுதுங்கய்யா. பதில் வராது, அவ்வளவுதான்" என்றார்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பெரம்பலூர் மெயின் ரோட்டுப் பட்டறையில் ஆயுசு முழுக்க லாரிக்குப் பெயிண்ட் அடித்தவன். நிறம் மட்டும்தான் என் வேலை. வண்டியில் பேர் எழுத வேறு ஆள் வருவான். நீங்கள் பட்டாளத்தில் விமானம் பழுது பார்த்த மெக்கானிக். ரிட்டையராகி அரியலூரில் வீடு கட்டிக்கொண்டு, ஒரு நாள் தபாலில் ஒரு பெட்டி வரவழைத்தீர்கள். உள்ளே துண்டு துண்டாகப் பிளாஸ்டிக். ஒட்டி முடித்தால் இரண்டு காற்றாடி வைத்த பழைய சரக்கு விமானம், ஒரு முழ நீளம். ஒன்பது வருஷம் நீங்கள் எண்ணெய்க் கையோடு ஏறி இறங்கிய அதே ரகம்.

ஒட்டுவதெல்லாம் நீங்களே ஒட்டிவிட்டீர்கள். பெயிண்ட் மட்டும் சரியாக வரவில்லை. மேரி போன் போட்டாள். "அண்ணே, வந்து என்னன்னு பாரு. மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு." பஸ் ஏறி வந்தேன். விமானம் சாம்பல் பூசியதுபோல இருந்தது.

"வெள்ளிதான் மச்சான் அடிச்சேன். அலுமினியம்னுதான் போட்டிருக்கு. பாத்தா அடுப்புச் சாம்பலாட்டம் இருக்கு."

"அடியில என்ன அடிச்சீங்க?"

"அடியிலயா? ஒண்ணும் அடிக்கல."

"வெறும் ஒடம்புல நகை போட்டா எடுபடுமா மாப்ள? அடியில கறுப்பு அடிங்க. கண்ணாடியாட்டம் மின்னுற கறுப்பு. அது நல்லாக் காஞ்சப்புறம் வெள்ளிய ஆவியாட்டம் விடணும். ஈரமாவே விழப்படாது."

பேனா அளவில் ஒரு ஸ்ப்ரே கன் வைத்திருந்தீர்கள். லாரி அடித்த கைக்கு அது விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. அன்றைக்கு இரண்டு பேரும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உங்கள் மொட்டைமாடி நிழலில் உட்கார்ந்தோம். கறுப்பு காய்ந்து, அதன்மேல் முதல் வெள்ளி விழுந்தபோது நீங்கள் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு முகத்தைத் திருப்பினீர்கள். "என்ன மாப்ள, புடிக்கலையா?" என்றேன். "சும்மா இருங்க மச்சான்" என்றீர்கள். அப்புறம், "காலையில பனி விலகறப்ப அது இப்படித்தான் நிக்கும்" என்றீர்கள்.

எல்லாத் தகடும் ஒரே வெள்ளி இல்லை என்று எனக்குச் சொன்னது நீங்கள்தான். ஒரு தகட்டுக்கு ஒரு சொட்டுக் கறுப்பு, இன்னொன்றுக்கு ஒரு சொட்டுப் பழுப்பு, டேப்பு ஒட்டி ஒட்டித் தனித்தனியாக அடித்தோம். புகைக்குழாய்க்கு நான் நிறம் கலந்தேன். சூட்டில் வெந்த இரும்பு நீலமும் பழுப்புமாக மாறுவதை லாரி சைலன்சரில் ஆயிரம் தடவை பார்த்தவன் நான். பெயிண்ட் புட்டியில் போட்டிருக்கும் பேர் எனக்கு வாசிக்க வராது என்று தெரிந்து, ஒவ்வொரு மூடியின் மேலும் அந்தந்த நிறத்தில் ஒரு பொட்டு வைத்திருந்தீர்கள். அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு நாளில் முடித்தோம். காற்றாடிகள் மட்டும் பாக்கி. அதற்கப்புறம் நான் ஊருக்கு வந்துவிட்டேன். உங்கள் உடம்பு கெட ஆரம்பித்தது.

நான் பார்க்க வந்தபோதெல்லாம் நீங்கள் படுத்திருந்தீர்கள். மழை, வண்டி, மேரியின் முட்டிவலி என்று ஏதேதோ பேசினோம். விமானத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பீரோ மேல் துணி போர்த்தி ஏதோ இருந்ததைப் பார்த்தேன். நோயாளியிடம் அதையெல்லாம் கேட்கக் கூடாது என்று இருந்துவிட்டேன். கேட்டிருக்கலாம், இல்லையா?

அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து மேரி விமானத்தைத் துணியோடு அந்தத் தபால் பெட்டியில் வைத்து என் கையில் கொடுத்தாள். "அண்ணே, இது பாக்கி கெடக்கு. நீதான் முடிச்சுக் குடுக்கணும். அவரு படத்துக்குக் கீழ வச்சுக்கறேன்."

வீட்டுக்குக் கொண்டுவந்து துணியை எடுத்தேன்.  நாம் அடித்த வெள்ளி இடது பக்கம் முழுக்கக் கெட்டுப்போயிருந்தது. இறக்கையில் எண்ணெய் வழிந்த கறை. புகை பிடித்த கறுப்பு. உடம்போடு சேரும் இடத்தில் தேய்ந்து மங்கிப்போயிருந்தது. கதவுக்கடியில் ஒரு நசுங்கல். துணி போட்டு மூடி வைத்தும் இப்படியா என்று நினைத்தேன். முடியாத மனுஷன், கை நடுங்கி எதையோ கொட்டியிருப்பார், கீழே போட்டிருப்பார், யாரிடமும் சொல்லாமல் மூடி வைத்துவிட்டார் என்று நினைத்தேன். உங்களுக்காக அழுதேன், மாப்பிள்ளை. அழுதுகொண்டே வேலையை ஆரம்பித்தேன்.

பட்டறைக்கு ஒரு வண்டி வந்தால் முதலில் கழுவுவோம். அப்புறம் பழையதைச் சுரண்டுவோம். அப்புறம் நசுங்கலில் பட்டி என்கிற பசையை அப்பி, காய்ந்ததும் தேய்த்து மட்டம் பண்ணுவோம். அதற்கப்புறம்தான் நிறம். இந்தக் கைக்கு வேறு எதுவும் தெரியாது. டர்பன்டைனில் துணியை நனைத்துக் கறையைத் துடைத்தேன். நன்றாகவே வந்தது. தேய்ந்த இடத்தைத் தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போட்டு இழைத்தேன். கதவுக்கடியில் நசுங்கலில் நகத்தளவு பட்டி வைத்து, காய்ந்ததும் தடவிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தெரியாது. மறுபடி கறுப்பு, மறுபடி வெள்ளி. காற்றாடிகளை மாட்டினேன். வலது பக்கம் சுத்தமாக இருந்ததால் அதில் கை வைக்கவில்லை.

அரியலூருக்கு எடுத்துப்போய் மேரி முன்னால் வைத்தேன். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். "பளபளன்னு இருக்குண்ணே" என்றாள். அடுப்படிக்குப் போய்விட்டாள். உங்களை நினைத்து அழப் போகிறாள் என்று நானும் விட்டுவிட்டேன்.

பெட்டியின் அடித்தட்டில் ஒரு நீல அட்டை நோட்டு இருந்தது. வேலை செய்யும்போதே பார்த்தேன். எழுத்து இருந்தது. கம்பெனிக்காரன் போட்ட காகிதங்களோடு சேர்த்து அப்படியே வைத்துவிட்டேன். எழுத்தைக் கண்டால் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வது எனக்கு ஆயுசுப் பழக்கம். யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லலாம் என்றுகூடத் தோன்றவில்லை.

வகுப்பில் சேர்ந்த பிறகு கண்ணில் படுவதையெல்லாம் வாசிக்க ஆரம்பித்தேன். பஸ் போர்டு, மாத்திரை அட்டை, சுவரில் ஒட்டிய கல்யாண போஸ்டர். போன கல்லறைத் திருநாளுக்கு உங்கள் கல்லறைக்கு வெள்ளை அடிக்க வந்தேன். அடிப்பதற்கு முன்னால் உங்கள் பேரை வாசித்தேன். "சூ" எழுத்தில் கொஞ்சம் நின்றேன், அப்புறம் வந்துவிட்டது. கூட்டிச் சேர்த்து முழுசாக வாசித்ததும் என்னையறியாமல் சிரித்துவிட்டேன். பக்கத்துக் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

அந்த உற்சாகத்தில்தான் ஊருக்குத் திரும்பியதும் நீல நோட்டு ஞாபகம் வந்தது. பெட்டி என் வீட்டுப் பரணில்தான் கிடந்தது. மாப்பிள்ளை என்ன எழுதியிருக்கிறார் பார்ப்போம் என்று ஆசையாக எடுத்தேன். புத்தகத்தில் இல்லாத எழுத்தை, கையெழுத்தை, நான் வாசித்தது அதுதான் முதல் தடவை. உங்கள் கையெழுத்து நல்ல கையெழுத்து. ஒவ்வொரு வரிக்கும் நெடுநேரம் ஆனது.

"இடது இறக்கை, உடம்போட சேர்ற இடம். பூட்ஸ் தேய்ப்பு. நாங்க ஏறி நின்னு வேலை பாக்கற இடம். பளபளப்பு போய் மங்கலா இருக்கணும்."

முதலில் எனக்குப் புரியவில்லை. இருக்கணும் என்றால்?

"இடது எஞ்சினுக்குப் பின்னால எண்ணெய்க் கோடு. இந்த எஞ்சின் எப்பவும் ஒழுகும். எத்தனை தடவை பிரிச்சாலும் நிக்கல. கோடு கீழே இறங்காது, காத்துல பின்னால ஓடும்."

"கதவுக்குக் கீழே நசுங்கல். வெள்ளத்துல மாட்டினவங்களை ஏத்தினப்ப ஸ்ட்ரெச்சர் இடிச்சது. பிள்ளைத்தாச்சிப் பொம்பளை. பிழைச்சாளான்னு தெரியாது."

அந்த ஸ்ட்ரெச்சர் என்ற சொல்லைக் கூட்ட எனக்கு அரை மணி நேரம் ஆனது. கூட்டி முடித்ததும் என் கட்டைவிரலைப் பார்த்தேன். பட்டி வைத்த விரல்.

அன்றைக்கு வாசித்த பக்கங்களில் எல்லாம் இதுதான். எந்தக் கறை, எந்த இடம், எந்த நிறத்தில் எத்தனை சொட்டு, எதனால் வந்தது. மூன்று மாதம், படுக்கையில் சாய்ந்துகொண்டே, உங்கள் ஒன்பது வருஷத்தை நீங்கள் அதன்மேல் போட்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரு பக்கத்தில் தனியாக ஒரு வரி: "மச்சான் வந்தா காட்டணும். திட்டுவார்."

திட்டியிருப்பேன். நிச்சயம் திட்டியிருப்பேன். அப்புறம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உங்கள் கையால் போட்டதை இந்த உலகத்தில் கடைசியாகப் பார்த்தவன் நான்தான். துடைக்கிற துணியோடு பார்த்தேன்.

எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவன் வாசித்த முதல் கையெழுத்து இதுவாகவா இருக்க வேண்டும்? நாலு நாள் வகுப்புக்குப் போகவில்லை. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். மேரிக்குச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்று அதுவே ஓடியது. அவளிடம் மிச்சம் இருப்பது உங்கள் படமும் அந்த விமானமும்தான். அதில் ஒன்றை நான் அழித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? உங்கள் வருஷப் பூசைக்கு இரண்டு மாதம் இருந்தது.

ஐந்தாம் நாள் நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மேரி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்து, வேறு எதுவும் பேசாமல் வாசிக்க ஆரம்பித்தேன்.

அவள் கை நின்றது. "அண்ணே, நீயா வாசிக்கிற?"

"நாந்தான்."

"மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்திருக்கியா?"

"இல்ல புள்ள. எழுத்துக்கூட்டித்தான்."

கீரையைத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. எங்கள் அம்மா இருந்து பார்க்கவில்லையே என்றாள். "ம், படி, படி" என்று சின்னப் பிள்ளையை விரட்டுவதுபோல விரட்டினாள். ஸ்ட்ரெச்சர் வரை வந்துவிட்டேன். அதோடு நோட்டை மடியில் வைத்துவிட்டேன்.

"மேரி, அதையெல்லாம் தொடச்சது நாந்தான். அழுக்குன்னு நெனச்சுத் தொடச்சிட்டேன். பட்டி வச்சு அடைச்சிட்டேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியும்ண்ணே" என்றாள்.

"தெரியுமா? அப்ப நான் கொண்டாந்து வச்ச அன்னிக்கே ஏன் சொல்லல?"

"எந்த வாயால சொல்றது?" என்றாள். பிறகு கேட்டாள், "அதுல எங்கனயாச்சும் இரண்டாம் தடவைன்னு எழுதியிருக்கா?"

எழுதியிருந்தது. பூட்ஸ் தேய்ப்புக்கு மேலே, முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில். அது என்ன கணக்கு என்று தெரியாமல் தாண்டிப் போயிருந்தேன்.

"மொத தடவ தொடச்சது நான்" என்றாள் மேரி. "ரத்த டெஸ்ட்டுக்குப் பக்கத்து வீட்டுத் தம்பியோட போயிருந்தாரு. இந்தப் பிளேன் ஒரே அழுக்கா கெடக்கேன்னு, பாத்திரம் வெளக்கற சோப்பப் போட்டு நல்லாக் கழுவி வெயில்ல வச்சிட்டேன். திரும்பி வந்து பாத்தாரு. ஒரு வார்த்த திட்டல. ரெண்டு நாளு பேசல. மூணாம் நாளு, மேரி, கண்ணாடிய எடுன்னாரு. உக்காந்து மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிச்சாரு. திட்டியிருந்தா தேவலாம்ணே."

 அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "நீ பளபளன்னு கொண்டாந்து வச்சப்ப, ஆகா, ஒரே வயித்துல பொறந்தது சரியாத்தான் இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தோம், மாப்பிள்ளை. உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சிரித்தோம். உங்களுக்குக் கோபம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். அப்புறம் அவள் சொன்னாள். "ரெண்டு தடவ அவரு போட்டாரு. மூணாந்தடவ நீ போடு. அதான் எழுதி வச்சிருக்காருல்ல."

விமானத்தைத் திரும்ப எடுத்து வந்தேன். முதலில் பட்டியை ஊசியால் நெம்பி எடுத்தேன். உங்கள் நசுங்கலின் விளிம்பும் அதோடு கொஞ்சம் பெயர்ந்து வந்து, இருந்த உருவம் போய்விட்டது. ஊசியை மெழுகுவத்தியில் காய்ச்சிப் புதிதாக நசுக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க என்னால் முடியவில்லை. ஊசி சூடாகும், ஆறும், மறுபடி சூடாக்குவேன். எத்தனையோ வண்டியின் நசுங்கலை எடுத்திருக்கிறேன். ஒன்றையும் நசுக்கியதில்லை. கடைசியில் அந்தப் பிள்ளைத்தாச்சியை நினைத்துக்கொண்டு அழுத்தினேன்.

எண்ணெய்க் கோட்டை முதலில் தப்பாகப் போட்டேன். லாரியில் எது ஒழுகினாலும் தரையைப் பார்த்துத்தான் இறங்கும். கை பழக்கத்தில் கீழே இழுத்துவிட்டது. நோட்டைப் பார்த்துத் துடைத்துவிட்டு, பழுப்பும் கறுப்பும் கலந்து டர்பன்டைனில் நன்றாக இளக்கி, மெல்லிய பிரஷ்ஷால் பின்னால் ஓடவிட்டேன். புகைக் கறுப்புக்குக் கரித்தூளைப் பஞ்சில் தொட்டு ஒத்தினேன். பூட்ஸ் தேய்ப்புக்கு வெள்ளியை லேசாகச் சுரண்டி மங்கல் நிறத்தைத் தொட்டுத் தொட்டு வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அந்த வரியை இரண்டு தடவை வாசிப்பேன்.

உங்களுடையது மாதிரி வரவில்லை. அதை மறைக்க மாட்டேன். நீங்கள் கண்ணால் கண்டதைப் போட்டீர்கள். நான் எழுத்தைப் பார்த்துப் போடுகிறேன். எண்ணெய்க் கோடு இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்ததோ? துடைத்தபோது துணியில் எவ்வளவு பழுப்பு வந்தது? நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், ஞாபகத்தில் நிற்கவில்லை.

நேற்று இடது பக்கம் முடிந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். "வலது இறக்கை" என்று எழுதி அடியில் கோடு போட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அதற்கு அடுத்த பக்கத்திலும் இல்லை. நோட்டின் கடைசி வரை புரட்டினேன். வெறும் தாள்.

வலது இறக்கையில் என்ன இருந்தது, மாப்பிள்ளை? அந்த எஞ்சினும் ஒழுகியதா? அங்கே யார் ஏறி நின்றார்கள்? எதைச் சொல்ல இருந்தீர்கள்?

மேரியிடம் போனில் சொன்னேன். "அந்தப் பக்கமும் இதே மாதிரி கொஞ்சம் போட்டுடு அண்ணே. ஒரு பக்கம் அழுக்காவும் ஒரு பக்கம் புதுசாவும் இருந்தா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?" என்றாள். எனக்கும் கை அரித்தது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதுதான் என் தொழிலே. நிறத்தைக் கலந்தும் விட்டேன். பிரஷ்ஷைத் தொட்டு இறக்கைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அந்த வெள்ளி நாம் இரண்டு பேரும் மொட்டைமாடியில் உட்கார்ந்து அடித்தது. அதன்மேல் எது விழ வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தமாதிரி நான் ஒரு கறை போட்டால் அது பொய். பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் உங்கள் வருஷப் பூசை. விமானம் உங்கள் படத்துக்குக் கீழே நிற்கும். வருகிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். நோட்டை எடுத்து நானே வாசித்துக் காட்டுவேன். இடது பக்கம் முழுக்க, நிறுத்தி நிறுத்தி, ஒரு சொல் விடாமல் வாசிப்பேன். வலது இறக்கை என்ற தலைப்பையும் வாசிப்பேன். அதோடு நோட்டை மூடிவிடுவேன். யார் என்ன சொன்னாலும், நான் இருக்கிற வரைக்கும், அந்த இறக்கையில் ஒரு கையும் படாது. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
மேரிக்கு அண்ணனும் உங்களுக்கு மச்சானுமான
அந்தோணி, குரும்பலூர்